முதல் மாணவிகளின் பெயர்களைத் தேடித் தாருங்கள்

யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடசாலைகளின் பழைய மாணவிகள் சங்கங்களுக்கு,

வணக்கம்.

பெறாமகளின் பரிசளிப்பு விழாவுக்காக அண்மையில் உடுவில் மகளிர் கல்லூரிக்குப் போயிருந்தேன். விழா தொடங்க நேரம் கிடந்ததால் வளவைச் சுற்றி நடந்தேன். 1824இல் தொடங்கிய இந்த விடுதிப் பள்ளி ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பள்ளிகளுள் ஒன்று என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அந்த நிலத்தில் நின்றபோதுதான் அந்த ஆண்டு மனதில் உறைத்தது. பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம். மகளை மிஷன் பங்களாவில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய தாயின் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்!

பள்ளியைத் தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோவை நாங்கள் அறிவோம். தமிழ் அகராதி தந்த மைரன் வின்ஸ்லோவின் மனைவி. 1833இல் இந்த மண்ணிலேயே இறந்தவர். 1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையாரையும் அறிவோம். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தலைமை ஆசிரியராக இருந்து, தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைக்குப் படிப்பித்தவர். ஒருமுறைகூட ஊர் திரும்பாமல் 1883இல் மானிப்பாயில் கண்மூடினார். 'ஆயிரம் மகள்களின் தாய்' என்று அவரைச் சொல்வார்கள். இருவர் மீதும் எனக்குப் பெருமதிப்பு உண்டு.

அந்த ஆயிரம் மகள்களும் யார்?

அமெரிக்காவில் இருந்து பணம் அனுப்பிய கொடையாளரின் பெயரையே பிள்ளைக்கு வைப்பது அன்றைய மிஷன் வழக்கம். ஆண்களில் ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை போன்றோர் இரண்டு பெயரையும் சேர்த்தே வரலாற்றில் நிற்கிறார்கள். பெண்பிள்ளைகள் பலருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. தாய் கூப்பிட்ட பெயர் பள்ளி வாசலில் நின்றுவிட்டது. பிறகு 'இன்னாரின் பெண்சாதி' ஆனார்கள். 1914இல் மங்களநாயகம் தம்பையா நாவல் எழுதினார், 1923இல் மங்களம்மாள் மாசிலாமணி 'தமிழ்மகள்' இதழ் நடத்தினார் என்று பெருமையோடு சொல்கிறோம். அவர்களுக்கு முன்னே எழுத்தறிந்து, ஊர்ப் பள்ளிகளில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த பெண்களை யார் சொல்வது?

தேடினால் கிடைக்கும் என்றே நம்புகிறேன். ஞானஸ்நானப் பதிவேடுகள் உண்டு, கல்லறைக் கற்கள் உண்டு, குடும்ப வேதாகமங்களின் முன்தாள்கள் உண்டு. எல்லாவற்றிலும் நான் நம்பியிருப்பது சீதன உறுதிகளை, அதாவது சீதனக் காணியை எழுதிக் கொடுத்த பத்திரங்களை. யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி சீதனக் காணி பெண்ணுக்கே உரியது. ஆகவே உறுதியில் அவள் பெயர் இருந்தே ஆகவேண்டும். கறையானும் இடம்பெயர்வும் விட்டுவைத்த உறுதிகள் எத்தனையோ வீட்டுத் தகரப்பெட்டிகளில் இன்னும் கிடக்கின்றன. வெளிநாடு போன குடும்பங்களிடமும் இருக்கும். பெட்டியைத் திறந்து காட்டக்கூடிய வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

உடுவிலுக்கு மட்டுமல்ல, 1896இல் தொடங்கிய சுண்டிக்குளிக்கும், 1913இல் மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் கல்லூரிக்கும், வேம்படிக்கும் இதே வேலை காத்திருக்கிறது. ஒவ்வொரு சங்கமும் ஒரு கொப்பியைத் திறவுங்கள். பெயர், ஊர், படித்த காலம், பிறகு செய்த வேலை: இவ்வளவு போதும். உயர்வகுப்புப் பிள்ளைகளை அயல்வீடுகளுக்கு அனுப்புங்கள், கேட்டு எழுதட்டும்.

எங்கள் பூட்டி உடுவிலில் படித்தவ என்று அம்மம்மா சொல்லுவா. பெயரைச் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் ஒரு பழைய உறுதி இருக்கிறது. அதன் பிரதியோடு உங்கள் முதல் கூட்டத்துக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
உடுவிலில் படித்த ஒருத்தியின் பூட்டப்பிள்ளை