மணப்பாடு – கல்லாமொழி கடற்கரையில் திமிங்கல மீட்புக் கிடங்கும் ஆண்டு ஒத்திகையும் வேண்டி மனு

அனுப்புநர்:
நாட்டுப்படகு மீனவர்கள், கடல் உயிரின மீட்புத் தன்னார்வலர்கள்,
மணப்பாடு, குலசேகரன்பட்டினம், கல்லாமொழி,
திருச்செந்தூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தூத்துக்குடி மாவட்டம்.

பொருள்: கரை ஒதுங்கும் திமிங்கலங்களை மீட்கக் கருவிகளும் பயிற்சியும் டிசம்பருக்குள் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

2016 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்பு, 80-க்கும் மேற்பட்ட குறுந்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் இந்தக் கரையில் ஏறின. 1973 ஜனவரியிலும் இதே பகுதியில் 147 ஒதுங்கின. இரண்டுமே ஜனவரி, இரண்டுமே இந்தக் கரை. ஆகவே இன்னொரு முறை வரும் என்று எண்ணியே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

2016-ல் உழைப்புக்குக் குறைவில்லை. கடலுக்குள் தள்ளிவிட்டவற்றில் பல மறுபடி கரைக்கே வந்தன. 40-க்கும் மேல் இறந்தன. காரணம் இந்த விலங்கின் இயல்பில் இருக்கிறது. பைலட் திமிங்கலம் தாய்வழிக் கூட்டமாக வாழ்வது. கரையில் கிடக்கும் உறவு குரல் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை, விடுபட்டது ஆழத்துக்குப் போகாது. ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவது வீண். மிதக்கவிட்டவற்றை இடுப்பளவு நீரில் சேர்த்துப் பிடித்து, முடிந்தவரை கூட்டமாகவே வெளியேற்ற வேண்டும். நெடுநேரம் கரையில் கிடந்த விலங்கு நீரில் ஒருபக்கமாகச் சாயும். அரை மணி நேரமாவது நிமிர்த்திப் பிடித்தால்தான் தானாக மூச்செடுக்கும். இந்த ஒரு செய்தி ஊருக்கு முன்பே தெரிந்திருந்தால் பல உயிர்கள் மிஞ்சியிருக்கும்.

2020 நவம்பரில் இலங்கையின் பாணந்துறையில் நூறளவில் பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது, கடற்படையும் கரையோரக் காவல்படையும் ஊர்மக்களும் இரவு முழுக்க நின்று பெரும்பாலானவற்றைக் கடலுக்குள் அனுப்பினார்கள். செய்ய முடிகிற காரியம்தான் இது.

வாலில் கயிறு கட்டிப் படகால் இழுப்பது பெருந்தவறு. முதுகெலும்பு விலகும், பின்னோக்கி இழுக்கையில் மூச்சுத்துளையில் நீர் புகுந்து மூழ்கியே சாகும். பக்கத்துடுப்பைப் பிடித்துத் தூக்கினால் மூட்டு கழன்றுவிடும். ஜேசிபி வாளி தோலையும் கொழுப்பையும் கிழிக்கும். வளர்ந்த திமிங்கலம் ஒன்று முதல் மூன்று டன் வரை இருக்கும், ஆணானால் ஏழு மீட்டர் நீளம் வரை போகும். அதை நகர்த்தக் கித்தான் தூளியே ஏற்ற வழி. அதுவரை வயிறு கீழாக நிமிர்த்தி வைத்து, துடுப்புகளுக்கு அடியில் குழி பறித்து நீர் நிரப்பி, ஈரக் காடாத்துணி போர்த்த வேண்டும். மூச்சுத்துளையையும் கண்ணையும் மூடக் கூடாது. தரையில் தன் எடையே நுரையீரலை நசுக்குகிறது, தோலடிக் கொழுப்பு உடற்சூட்டை வெளியேற விடுவதில்லை. நிழலும் விடாமல் ஊற்றும் கடல்நீரும்தான் மருந்து. நம் கரையில் ஏற்றநீர் ஒரு மீட்டர்கூட ஏறாது. கடல் தானாக வந்து தூக்கிப் போகும் என்று காத்திருக்க முடியாது.

எனவே மூன்று ஊர்களிலும் ஒவ்வொரு கிடங்கு வேண்டுகிறோம். ஒன்றில் 4 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட, இருபுறமும் கைப்பிடி தைத்த கித்தான் தூளிகள் 6, காடாத்துணி 200 மீட்டர், வாளி 60, மண்வெட்டி 20, நிழலுக்குத் தார்ப்பாய் 10, உயிர்காப்பு மிதவை அங்கி 40, தலைவிளக்கு, கையுறை, முகக்கவசம். முகக்கவசம் அவசியம், திமிங்கலம் விடும் மூச்சில் நோய்க்கிருமி இருக்கலாம். கடலில் விட்டவற்றின் முதுகுத்துடுப்பில் அடையாளமிட வண்ணக்குச்சியும் வேண்டும். திரும்பி வருவது அதுவேதானா என்று அறிய அது உதவும். ஒரு தூளிக்கு இடுப்பளவு நீரில் 16 பேர் வேண்டும். ஆகவே ஊருக்கு 100 பேருக்குப் பயிற்சி தந்தால்தான் ஆறு தூளியும் ஒரே நேரத்தில் நகரும்.

வேடிக்கை பார்க்க வரும் மக்கள் கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜனவரி, திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை வரும் காலம். செய்தி பரவினால் ஆயிரக்கணக்கில் ஆள் வரும். 50 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி, நாய்களை விலக்கக் காவலர் தேவை. திமிங்கலம் என்றாலே வயிற்றில் அம்பர்கிரிஸ் (வாசனைத் திரவியத்துக்குப் பயன்படும் விலையுயர்ந்த மெழுகுப் பொருள்) இருக்கும் என்று கத்தியோடு வருபவர்களும் உண்டு. அது ஸ்பெர்ம் திமிங்கல வகையில்தான் உருவாகிறது, பைலட் திமிங்கலத்தில் இல்லை என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கக் கோருகிறோம்.

இறந்தவற்றை உடனே புதைக்காமல் நீளம், ஆணா பெண்ணா என்பது, இரைப்பை, தோல் மாதிரி ஆகியவற்றைப் பதிய வேண்டும். கடலுக்குள் எழும் பேரொலியின் அதிர்ச்சியால் ஒதுங்கினவா என்று அறிய உட்செவியைச் சில மணி நேரத்துக்குள் ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் இட வேண்டும், தாமதித்தால் திசு அழிந்துவிடும். தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்தாரையும் கால்நடை மருத்துவரையும் முதல் அழைப்பிலேயே சேர்க்க வேண்டும். பிழைக்காது என்ற முடிவு மருத்துவருடையதாகவே இருக்கட்டும். புதைகுழி குடிநீர்க் கிணறுகளுக்குத் தொலைவில், அலை தொடாத மேட்டில் அமைய வேண்டும்.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் என்பதால், தொட்டால் வழக்கு வருமோ என்று மீனவர்கள் ஒதுங்குகிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் முதலுதவி செய்யலாம் என்று வனத்துறை வழியாக எழுத்து ஆணை வேண்டும். மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட கரை ஒதுங்கும் பெரிய கடல் உயிர்களுக்கான வழிகாட்டுதல்களைத் தமிழில் அச்சிட்டு, மீன் ஏலக்கூடங்களிலும் ஊர்க்கமிட்டி அலுவலகங்களிலும் ஒட்டித் தரவும் வேண்டுகிறோம்.

முதல் ஒத்திகையை நவம்பர் இறுதிக்குள், மணல் நிரப்பிய ஒரு டன் சாக்கைத் தூளியில் ஏற்றி, மணப்பாடு கரையிலேயே நடத்த ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆட்களும் படகுகளும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
மூன்று ஊர்களின் மீனவர்கள், மீட்புத் தன்னார்வலர்கள்