ஜனாதிபதி மாளிகை வாசலில் ஒரு பலகை வையுங்கள்

ஜனாதிபதி செயலகத்துக்கும் தொல்பொருளியல் திணைக்களத்துக்கும் வணக்கம்.

2022 யூலையில், கொழும்புக் கோட்டையிலுள்ள ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்த நாட்களில், நானும் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாரும் நீச்சல் தடாகத்தையும் கட்டில்களையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் கேட்டது ஒன்றுதான்: "அம்மா, இதை யார் கட்டினது?" பக்கத்தில் நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். ஒல்லாந்தரின் கடைசித் தேசாதிபதி வான் அங்கெல்பெக், போர்த்துக்கேயர் காலத்துப் புனித பிரான்சிஸ் தேவாலயம் இருந்த நிலத்தில் தன் குடும்பத்துக்காகக் கட்டிய வீடு அது. 1796 இல் கொழும்பை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தவரும் அவரே. அவருக்குப் பின் வீடு பேத்தி யாகோமினாவுக்கு வந்தது. யாகோமினாவின் கணவர் ஜோர்ஜ் லெஸ்லி ஆங்கிலேய அரசில் உத்தியோகம் பார்த்தவர். அவர் பொறுப்பில் இருந்த அரசுப் பணத்தில் பெருந்தொகை குறைந்துபோக, அதை அடைக்க 1804 இல் வீட்டை அரசாங்கத்துக்கு விற்றார்கள். தாத்தா விட்டுப்போன வீடு, புருசனின் கணக்கில் விழுந்த துண்டுக்காகக் கைமாறியிருக்கிறது. நாட்டின் அதிகார பீடம் அங்கே வந்து குடியேறியது இப்படித்தான். இதைப் படித்த பிறகு அந்தக் கட்டடத்தைப் பழையபடி பார்க்க என்னால் முடியவில்லை.

பிறகு தேசாதிபதிகள், 1948 முதல் மகாதேசாதிபதிகள், 1972 முதல் ஜனாதிபதிகள். அந்தப் பகுதி நமக்கு ஓரளவு தெரியும்.

முன்னால் நிற்கும் சேர் எட்வேர்ட் பார்ன்ஸ் சிலையையும் சொல்ல வேண்டும். கண்டி வீதியைப் போடுவித்தவர். கொழும்பிலிருந்து போகும் வீதிகளின் தூரத்தை அந்தச் சிலையடியிலிருந்துதான் அளந்தார்கள். கண்டிக்கு 72 மைல் என்று நம் பெரியவர்கள் சொன்ன கணக்குக்கு அதுதான் தொடக்கம்.

பாதுகாப்பின் தேவை எனக்கு விளங்குகிறது. உள்ளே விடுங்கள் என்று இன்றைக்கே கேட்கவில்லை. வெளி மதில் ஓரமாக, வீதியில் போகிறவர் நின்று வாசிக்கும் உயரத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை வையுங்கள். அதில் யாகோமினாவின் பெயரும் இருக்கட்டும். பக்கத்திலுள்ள கோர்டன் பூங்காவையாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்து, தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவரை நிறுத்துங்கள்.

அன்று மகளுக்குச் சொல்ல முடியாத பதிலை அங்கே நின்று அவள் தானே வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கொழும்பில் வாழும் ஒரு தாய்