கோடு நகர்கிறது: உதவிய எல்லோருக்கும் நன்றி

நண்பர்களே, வணக்கம். பைதான் நிரல்மொழியில் வரைபடம் போட உதவும் மேட்பிளாட்லிப் நூலகத்தின் ஜன்னல் திறக்கவே மாட்டேன் என்கிறது, திறந்தாலும் வெள்ளையாக உறைந்து நிற்கிறது என்று கேட்டிருந்தேன் இல்லையா, அது இப்போது அருமையாக ஓடுகிறது. சென்சார் அனுப்பும் அளவுகள் வரவர வரைபடக் கோடு நகர்கிறது, ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கினாலும் படம் கலைவதில்லை. "சரியாகிவிட்டது, நன்றி" என்று ஒரு வரியில் முடிக்க மனம் வரவில்லை, ஏனென்றால் நீங்கள் யாரும் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகவில்லை.

முதலில், என் கோடிங்கைப் பார்ப்பதற்கு முன்பே "எந்த பேக்எண்டில் ஓடுகிறது, அதைப் பிரிண்ட் செய்து பாருங்கள்" என்றவருக்கு நன்றி. பேக்எண்ட் என்பது மேட்பிளாட்லிப்பின் படத்தைத் திரையிலோ கோப்பிலோ உண்மையில் வரைந்து தரும் பகுதி. பதில் 'ஆக்' என்று வந்தது. அது படத்தைக் கோப்பாக எழுதுவதற்கான பேக்எண்ட், ஜன்னல் திறப்பது அதன் வேலையே இல்லை, ஜன்னலில் காட்டச் சொல்லும் ஷோவைக் கூப்பிட்டால் ஒரு எச்சரிக்கை வரி மட்டும் வரும். அந்தக் கணினியில் இருந்த பைதானில் ஜன்னல் திறக்க உதவும் டிகின்டரும் இல்லை, கியூட்டியும் இல்லை, அதனால் மேட்பிளாட்லிப் தானாகவே ஆக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டிகின்டரை நிறுவியதும் ஜன்னல் வந்துவிட்டது. திரையே இல்லாத சர்வரில் இதே ஆக்தான் சரியான தேர்வு, அங்கே ஷோ வேண்டாம், படத்தைக் கோப்பாகச் சேமிக்கும் சேவ்ஃபிக் போதும் என்று அவர் கூடவே சொன்னது பிறகு வேறொரு வேலைக்கும் கைகொடுத்தது.

அப்புறம் அந்த வெள்ளை ஜன்னல். இதைப் பொறுமையாக விளக்கியவருக்கு நான் உண்மையிலேயே கடமைப்பட்டிருக்கிறேன். கோட்டின் மதிப்புகளை செட்_டேட்டாவால் மாற்றினால் படம் பழசாகிவிட்டது என்ற குறிப்பு மட்டும்தான் விழுகிறது, டிரா_ஐடில் என்றால் "நேரம் கிடைக்கும்போது வரை" என்று சொல்லிவைப்பது, அந்த நேரம் கிடைப்பது, மவுஸ் அசைவு, வரையும் வேலை போன்றவற்றைக் கவனிக்கும் சுழற்சியான ஈவென்ட் லூப் ஓடும்போதுதான். திரும்பத் திரும்பச் சுற்றும் வைல் லூப்புக்குள், நிரலைச் சற்று நேரம் நிறுத்திவைக்கும் டைம்.ஸ்லீப் போட்டால் நிரலோடு சேர்ந்து ஜன்னலும் தூங்குகிறது, மவுஸைக்கூடக் கவனிக்க ஆள் இல்லை. அந்த ஸ்லீப்பை எடுத்துவிட்டு பிளாட்.பாஸ் (plt.pause) போட்டால், அத்தனை நேரமும் ஈவென்ட் லூப் ஓடும், படமும் புதுப்பிக்கப்படும். இதைப் படித்த பிறகு, எந்த நிரலில் ஜன்னல் உறைந்தாலும் இந்த நொடியில் ஈவென்ட் லூப்பை யார் ஓட்டுகிறார்கள் என்றுதான் முதலில் தேடுகிறேன். பாஸ் ஒவ்வொரு முறையும் ஜன்னலை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் தொல்லைக்கு ஃபிகர்.ரெய்ஸ்_விண்டோ என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கச் சொன்னதும் அவரேதான்.

புதிய அளவுகள் படத்தின் சட்டகத்துக்கு வெளியே போய்க் கோடு காணாமல் போனதற்கு, அச்சின் எல்லையைப் புது அளவுகளுக்கு ஏற்ப மாற்றும் ரீலிம், ஆட்டோஸ்கேல்_வியூ இரண்டையும் அடுத்தடுத்துக் கூப்பிடச் சொன்னவருக்கும் நன்றி. சென்சாரைப் படிப்பதைத் தனி திரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைத் தடத்தில்) வை, ஆனால் வரைவது மட்டும் மெயின் திரெட்டில்தான், நடுவில் அளவுகளைக் கைமாற்ற ஒரு கியூ (வரிசை) போதும் என்றவருக்கும்.

வேகத்துக்கு வழி காட்டியவர், மாறும் பகுதியை மட்டும் திரும்ப வரையும் பிளிட்டிங் முறையை மாதிரி நிரலோடு எழுதிக் காட்டினார். ஒவ்வொரு முறையும் அச்சு, எண்கள், தலைப்பு எல்லாவற்றையும் மறுபடி வரைவதில்தான் நேரம் போகிறது. கோட்டை அனிமேட்டட் என்று குறித்து ஒதுக்கிவிட்டு மீதிப் பின்னணியை ஒரு முறை நகலெடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு அந்தப் பின்னணியை மீட்டு, கோட்டை மட்டும் அதன்மேல் வரைந்து, பிளிட் செய்ய (அதைத் திரைக்கு அனுப்ப) வேண்டும். கண்ணாடித் தாளில் கோட்டை மட்டும் அழித்து அழித்து வரைவது போல. இதில் இன்னொருவர் குறுக்கிட்டுச் சொன்னது தங்கம்: ஜன்னல் அளவு மாறினால் அந்த நகல் செல்லாது, ஆகவே முழுப் படமும் வரையப்பட்டதை அறிவிக்கும் டிரா_ஈவென்ட் வரும்போதெல்லாம் பின்னணியைப் புதிதாக எடுக்க வேண்டும். அச்சின் எல்லை மாறினாலும் முழுப் படத்தையும் வரைந்தே ஆக வேண்டும் என்பதால், எக்ஸ் அச்சைக் கடைசி 60 நொடிகள் என்று நிலையாக வைத்துவிட்டேன். என் வரையில் பிளிட்டிங் எல்லோருக்கும் தேவைப்படாது, நொடிக்கு ஓரிரு முறை மாறும் படத்துக்கு பாஸே தாராளம். படத்தைத் தானாக அசைக்கும் ஃபங்க்அனிமேஷனைப் பயன்படுத்துபவர்கள் அது திருப்பித் தரும் பொருளை ஒரு மாறியில் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் பைதான் அதைக் குப்பை என்று அகற்றிவிடும், அசைவு நின்றுவிடும்.

மேட்பிளாட்லிப்பைத் தொடங்கிய ஜான் ஹன்டர் ஒரு நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் பார்க்கும் தேவையில் இருந்துதான் அவருக்கு இது பிறந்தது. 2012இல் அவர் காலமான பிறகும் பல கைகள் சேர்ந்து இதைக் காத்து வருகின்றன. பிளிட்டிங் பற்றி இவ்வளவு தெளிவான ஆவணத்தை எழுதிவைத்திருக்கும் அந்தக் கைகளுக்கும் என் நன்றி.

சென்சார் பகுதியை நீக்கி, தற்செயல் எண்களை வைத்தே ஓடும்படி என் நிரலைச் சுருக்கி, வரிக்கு வரி தமிழில் குறிப்பு எழுதியிருக்கிறேன். இதே சிக்கலில் நிற்பவர்கள் கேளுங்கள், தருகிறேன். கேட்கும்போது உங்கள் பேக்எண்ட் பெயரையும் மேட்பிளாட்லிப் பதிப்பு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.