கியர் ஷாப்ட் முனையில் ஒரு ஆலன் குழி: வண்டி தயாரிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளர்களுக்கும், கியர்பாக்ஸை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம். கியர் ஷாப்ட்டின் முனையில் ஒரு ஆலன் குழி, அதாவது ஆலன் கீ செருகும் அறுகோணக் குழி, வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கியர் லீவர் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என்ஜினிலிருந்து வெளியே வரும் கியர் ஷாப்ட் என்ற தண்டின் பற்களைக் கவ்வியிருக்கும் அதன் உட்பல் நடுவழியில் வழுக்கிவிட்டால் வண்டி ஓட்டுபவர் என்ன பாடுபடுகிறார் என்பதை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்மையில் ஒரு சர்வீஸ் சென்டரில் எனக்குக் கிடைத்த பதில் இது: "ஷாப்ட்டுல பிளேயர் தடம் இருக்கு. வெளியாள் கை வச்ச வண்டிக்கு வாரண்டி கிடையாது."

பிளேயர் என்ற குறடு கவ்விய அந்தத் தடம் எப்படி வந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இரவு. நான்காவது கியரில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் முழங்கால் வலியோடு அப்பா. மேட்டில் கியரைக் குறைக்கக் காலை வைத்தால் லீவர் மட்டும் சுற்றுகிறது, ஷாப்ட் அசையவில்லை. வேகம் இறங்கி என்ஜின் நின்றுபோனது. நான்காவது கியரில் நின்ற வண்டியை மறுபடி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். கிளட்சை எவ்வளவு மெதுவாக விட்டாலும் என்ஜின் திணறி அணைகிறது. ரேஸைக் கூட்டினால் கிளட்ச் தட்டு தீய்ந்த வாசம் வருகிறது. சரி, தள்ளிக்கொண்டு போகலாம் என்றால் நியூட்ரலும் விழாது. இடது கையால் கிளட்சை அழுத்திப் பிடித்தபடியே மேட்டில் தள்ள வேண்டும். கை அசந்து விட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்பா நடந்து வந்தார். கொஞ்சம் நடப்பதும், ரோட்டோரக் கல்லில் உட்காருவதுமாக வந்தார். கடந்து போன லாரிகளின் வெளிச்சத்தில் மட்டும்தான் அவர் முகம் தெரிந்தது.

கடைசியில் ஒருவர் வண்டியை நிறுத்தி லாக்கிங் பிளேயர் கொடுத்தார். லீவரை உருவிவிட்டு, வெறும் ஷாப்ட்டை அதால் கவ்விப் பிடித்து, என்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்துக்கொண்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி ஒவ்வொரு கியராகக் குறைத்தோம். ஆட்டாமல் திருப்பினால் விழாது. உள்ளே பல்சக்கரங்களின் கொக்கிகள் நேருக்கு நேர் வந்தால்தான் இறங்கும். இரண்டாவது கியரில் வைத்து, கிளட்சைப் பதமாக விட்டு, அதே கியரில் மெதுவாக வீடு வந்து சேர்ந்தோம். நீங்கள் வாரண்டி மறுத்த தடம் அப்படி வந்தது. அந்தத் தடம் இல்லையென்றால் என் அப்பா இரவு முழுக்க அந்த மேட்டில்தான் இருந்திருப்பார்.

அதற்குப் பிறகு நானே ஒரு கருவி செய்து சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். 12 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டை இரும்பில் ஒரு சாண் கூட வராத துண்டு. ஒரு முனைக்குப் பக்கத்தில் ஷாப்ட் இறுக்கமாக நுழையும் அளவுக்குத் துளை. முனையிலிருந்து அந்தத் துளை வரை ஹேக்ஸாவால் ஒரு பிளவு. ஒற்றை பிளேடில் அறுத்தால் பிளவு ஒடுக்கமாகிவிடும், இறுக்கும்போது வாய் மூட இடம் போதாது. இரண்டு பிளேடுகளைச் சேர்த்துப் பூட்டி அறுத்தேன். பிளவுக்குக் குறுக்கே, ஷாப்ட்டில் இடிக்காமல் தள்ளி, ஒரு 6 மில்லிமீட்டர் போல்ட்டும் நட்டும். முடுக்கினால் இரும்பின் வாய் மூடி ஷாப்ட்டைச் சுற்றிலும் கவ்வும். உங்கள் ஷாப்ட்டின் பற்கள் கடினப்படுத்தப்பட்டவை. பட்டை இரும்பு மெத்தென்றது. அதனால் அதில்தான் தடம் விழும், ஷாப்ட்டில் விழாது. பிளேயரின் கடிவாய் அப்படியில்லை, பல்லையே தின்றுவிடும். வண்டி ஓடும்போது காலால் மிதிக்க இது உதவாது. நிறுத்தி, கையால் இரண்டாவது கியருக்குக் கொண்டுவந்து, கழற்றி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அது போதும். வீடு சேரலாம்.

இதைச் செய்ய எனக்கு வைஸ் இருந்தது, டிரில் இருந்தது, ஓய்வு நேரமும் இருந்தது. இவை எதுவும் இல்லாத எத்தனையோ பேர் உங்கள் வண்டியை நம்பி ஓட்டுகிறார்கள். என் கருவியும் என் வண்டிக்கு மட்டும்தான் பொருந்தும். ஒரு வண்டியில் ஷாப்ட் 12 மில்லிமீட்டர், இன்னொன்றில் 13, வேறொன்றில் 14. ஸ்பார்க் பிளக் மரையை உலகம் முழுக்க 10, 12, 14 என்று சில அளவுகளுக்குள் கொண்டுவர முடிந்திருக்கிறது. அமெரிக்காவில் 1974 செப்டம்பரிலிருந்து தயாராகும் வண்டிகளுக்குக் கியர் இடது காலில்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்தபோது, காலங்காலமாக வலது காலில் வைத்திருந்த பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள்கூட இடப்பக்கம் மாற்றிக்கொண்டார்கள். அதோடு ஒப்பிட்டால் நான் கேட்பது மிகச் சிறியது.

கியர் ஷாப்ட்டின் வெளிமுனையில், நடுவில், ஒரு ஆலன் குழி வையுங்கள். எல்லா மாடலிலும் ஒரே அளவில், 6 மில்லிமீட்டரில் வையுங்கள். லீவர் முறிந்தாலும் பல் வழுக்கினாலும் ஒரு ஆலன் கீயைச் செருகித் திருப்பினால் கியர் விழும். வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, வண்டி சாய்ந்தால் அடிபடவும் செய்யாது. லீவரை இறுக்கும் போல்ட்டுக்கான வெட்டு குறுக்கே வருகிறதென்றால் அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். அந்தக் கணக்கு உங்களுக்குக் கைவந்தது.

லீவர் ஷாப்ட்டைவிட மெத்தென்று இருப்பதில் எனக்குக் குறையில்லை, அதுதான் சரி. விலை குறைந்தது தேயட்டும், விலை கூடியது தப்பட்டும். ஆனால் தேய்ந்த அந்த நேரத்தில் மாற்றுவழி எதையும் நீங்கள் விட்டுவைக்காததால், வண்டி ஓட்டுபவர் கையில் கிடைத்ததை எடுத்து ஷாப்ட்டைக் கவ்வ வேண்டியிருக்கிறது. லீவரோடு முடிய வேண்டிய சேதம் ஷாப்ட்டுக்கும் போகிறது. பிறகு ஆயிலை இறக்கி, கிளட்ச் கவரைக் கழற்றி, கிளட்சையும் வெளியே எடுத்தால்தான் பல என்ஜின்களில் அந்த ஷாப்ட் வெளியே வரும். ஷாப்ட் வளைந்திருந்தால் ஆயில் சீலும் போயிருக்கும். இத்தனைக்கும் காரணம், லீவரை ஷாப்ட்டோடு இறுக்கும் ஒரு போல்ட் தளர்ந்தது! அந்த 6 மில்லிமீட்டர் போல்ட்டைச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தில் வைக்க வேண்டும், அடிக்கடி பார்க்க வேண்டும் என்று வண்டியோடு வரும் கையேட்டில் பெரிய எழுத்தில் போட்டாலே பாதி லீவர்கள் தப்பிக்கும்.

வண்டி ஓட்டுபவர் தன் வண்டியைத் தொடக்கூடாது என்பதுபோலவே எல்லாம் மாறிக்கொண்டிருக்கிறது. பல வண்டிகளில் கிக்கர் போய்விட்டது. பேட்டரி படுத்தால் வண்டியும் படுத்துக்கொள்கிறது. டூல் கிட் இளைத்துக்கொண்டே வருகிறது. லீவர் போல்ட்டைக் கழற்றும் 10 மில்லிமீட்டர் ஸ்பானர்கூட இல்லாத கிட்டை என் கையால் பிரித்துப் பார்த்திருக்கிறேன். சர்வீஸ் சென்டர் மூடியிருக்கும் நேரத்தில், அது இல்லாத ரோட்டில்தான் வண்டிகள் நிற்கின்றன. அந்த நேரத்தில் தன் கையால் வண்டியை நகர்த்திக்கொண்டவரைப் பிறகு குற்றவாளிபோல் நடத்துவது எனக்கு ஆறவே இல்லை.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைத் தாழ்மையோடு மறுபடியும் கேட்கிறேன். ஷாப்ட் முனையில் ஆலன் குழி வையுங்கள், அதற்கான கீயை டூல் கிட்டில் போடுங்கள். அது வரும்வரை, அவசரத்தில் கருவி போட்டுத் திருப்பிய தடத்தைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்கக் கூடாது என்று உங்கள் சர்வீஸ் சென்டர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். லீவர் ஏன் வழுக்கியது என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

என் கருவியின் அளவுகளும் படமும் வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன். உங்கள் கிட்டில் அதையே போட்டுக்கொடுத்தாலும் மகிழ்ச்சிதான். பெயரும் வேண்டாம், பணமும் வேண்டாம். அடுத்த மாடலின் வரைபடம் மேசைக்கு வரும்போது அந்தக் குழிக்கு ஒரு இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியைத் தினமும் ஓட்டும் ஒருவன்