ஒரே குரூப் என்றால் உடனே ஏற்றிவிடலாமா?

ஆசிரியருக்கு,

ரத்த தானம் பற்றி நிறையப் பேசுகிறோம். ஏற்றும்போது என்ன நடக்கிறது என்று பேசுவது குறைவு. "அதே குரூப்தானே, இன்னும் ஏன் தாமதம்?" என்று ரத்த வங்கி ஜன்னலில் சத்தம் போடுபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஏ, பி, ஓ ரத்த வகைகளை லாண்ட்ஸ்டைனர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் 1901-இல் விளக்கினார். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கும் ஆர்எச் 1940-இல் வந்தது. அதோடு முடியவில்லை, கெல், டஃபி, கிட் என்று வேறு ரத்த வகைகளின் வரிசை நீள்கிறது. முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர், பிள்ளை பெற்றவர் உடலில் இவற்றுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது அந்நிய அணுக்களைத் தாக்கும் புரதம், உருவாகியிருக்கலாம். அதனால்தான் நோயாளியின் சீரத்தோடு (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) தானம் தந்தவரின் சிவப்பணுக்களைச் சேர்த்து, அவை ஒட்டித் திரள்கின்றனவா, சிதைகின்றனவா என்று பார்க்கிறார்கள். கிராஸ் மேட்சிங் இதுதான். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். உயிர் ஊசலாடும் அவசரத்தில் ஓ நெகட்டிவ் ஏற்றுவது வேறு கதை.

இத்தனை சோதனைக்குப் பிறகும் குரூப் மாறி ஏறுகிறதென்றால், பெரும்பாலும் குற்றவாளி பெயர்ச்சீட்டுதான். ரத்த மாதிரி எடுத்த குழாயில் வேறு பெயர், அல்லது ரத்தப் பை வேறு கட்டிலுக்கு. ஒரே வார்டில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் சொல்லவே வேண்டாம். நர்ஸ் மறுபடி மறுபடி பெயர் கேட்டால் எரிந்து விழாதீர்கள்.

முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். குளிர்நடுக்கம், காய்ச்சல், இடுப்புவலி, மூச்சுத்திணறல், சிவந்த சிறுநீர் என எது தெரிந்தாலும் உடனே சொல்லுங்கள். ரத்தத்தை நிறுத்தி சலைன் ஓடவிடுவார்கள். மீதிப் பையைக் குப்பையில் போடக் கூடாது; நோயாளியின் புது மாதிரியோடு அது ரத்த வங்கிக்கே திரும்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்