ஈரம் படத்தை மறுபடி பார்த்தேன்

கண்ணு பாப்பா,

நன்றாக இருக்கிறாயா. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், முட்டிவலி அதுபாட்டுக்கு இருக்கிறது. ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். ஃபோனில் இரண்டு நிமிஷம் ஆனதும் அப்புறம் பேசுறேன்மா என்கிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை. உன் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் உங்கள் வாட்ச்மேன் எங்காவது போட்டுவிடுவான், வேறொன்றும் இல்லை. ஃபோனில் எப்போதும் சார்ஜ் வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை ஈரம் படத்தை மறுபடி பார்த்தேன். கிழவிக்குப் பேய்ப் படம் கேக்குதா என்று முனகிக்கொண்டே அப்பா மாடிக்குப் போய்விட்டார். நாற்பது வருஷமாக இதே முனகல்தான். எத்தனை பேய்ப் படம் பார்த்தாலும் என் கணக்கில் தேறுவது நாலைந்துதான், உனக்கே தெரியும். இப்போது வருகிற படங்களில் பேய் பாட்டுக்கு ஆடுகிறது, கூட வரும் காமெடியன் அதனிடம் அறை வாங்குகிறான். எனக்கு அது ஆகாது. பேய் என்றால் பேயாக இருக்க வேண்டும்.

முதலில் பார்த்தது யார் நீ. ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த 1966 படம், நான் பார்க்கும்போதே அது பழசு. நெல்லிக்குப்பம் பக்கம் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து பார்த்தோம். கடைசியில் பேயே கிடையாது, எல்லாம் சொத்துக்காகக் கூட இருந்தவனே செய்த சூழ்ச்சி என்று சொன்னதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஏமாந்துபோய். பேய் இல்லாததுதான் அதைவிடப் பயம் என்று புரிகிற வயசா அது.

1990இல் 13-ம் நம்பர் வீடு வந்தபோது நீ வயிற்றில். வயித்துப் புள்ளக்காரி பேய்ப் படம் பார்க்கப் போறாளே என்று உன் ஆயா தெருவே கேட்கக் கத்தினார்கள். நான் போனேன். பிறந்தது என்ன பிள்ளை! எதற்கும் பயப்படாத பிள்ளை. தானே புயலன்று ராத்திரி உன் அறை ஜன்னல் கொக்கி பிய்ந்து படார் படார் என்று அடித்தபோது தம்பி என் மடியில் ஒண்டிக்கொண்டான், நீ எழுந்து போய்ப் புடவையைக் கிழித்துக் கட்டினாய். அதற்கப்புறம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஒற்றை மெழுகுவர்த்தியில் யாவரும் நலம் கதையை மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாய். மாதவன் ஏறினால் மட்டும் லிஃப்ட் ஓடாது, வீட்டில் தினமும் பால் திரிந்துபோகும், டிவி சீரியலில் இவர்கள் வீட்டில் நடப்பதே நடக்கும். உங்கள் வீட்டு லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறதா? படி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்.

அந்தப் பிள்ளைதான் தீபாவளிக்கு வந்து, முறுக்கு பிழிந்துகொண்டிருக்கும்போது ஃபோன் அடித்ததும் அச்சைக் கீழே போட்டாய். எடுக்கக்கூட இல்லை, மாவுக் கையோடு கிணற்றடிக்கு ஓடினாய். யார் யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், தம்பியின் சிநேகிதன் உன்னோடு பேசினானா இல்லையா என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தாய். ஒட்டுக் கேட்கவில்லை, எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, உன்னைக் கூப்பிட வந்தேன்.

சரி, ஈரம். அறிவழகன் எடுத்த படம், 2009. அந்த ரம்யாவைப் பார்த்து எனக்குப் பயமே வரவில்லை. செத்துப்போன பிறகு தண்ணீராகக் கதவுக்கு அடியில் ஒழுகி வருகிறாள், பாவம். உயிரோடு இருந்தபோது அவளைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கட்டினவன் அதையெல்லாம் நம்பினான். அவன் மெதுவாகத்தான் பேசுவான், வெளியே பார்த்தால் தங்கமான ஆள். கடைசியில் தற்கொலை என்று கேஸை எழுதிவிடுகிறார்கள். அன்றைக்குப் புதுச்சேரியில் பார்த்துவிட்டு பஸ்ஸில் வந்தோமே, கிருமாம்பாக்கம் தாண்டும்போது நீ கேட்டாய், "இவ ஏம்மா அவ அம்மா வீட்டுக்குப் போகல?" என்று. "போயிருந்தா படம் ஏதுடி" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் வந்ததும் டிவியை நிறுத்திவிட்டேன்.

இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போறேன்மா என்றாய். நாலே நாள்தான் கேட்டாய். மாப்பிள்ளை சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவார் என்றேன், எதிர்வீட்டு அத்தை வேறு ஒரு மாதிரி கேட்கிறாள் என்றேன், முறுக்கை டின்னில் போட்டுக் கட்டி நானே ஆட்டோ பிடித்து மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏற்றிவிட்டேன். ஆயிரம் ஜென்மங்களில் லதா உடம்பில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்பது கூடப்பிறந்த ரஜினிக்குத் தெரிந்துவிடும், கட்டினவனுக்குத் தெரியாது. அதைப் பார்த்துத்தான் பிறந்த வீடு என்றால் இதுடி என்று உன்னிடம் பெருமை பேசியிருக்கிறேன். எனக்குத் தெரியாமல் போயிற்று என்று சொல்லவில்லை பாப்பா. நீ பஸ் ஏறும்போதே தெரிந்தது. ஊர் வாய்க்குப் பயந்தேன்.

அப்பாவுக்கும் நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் உன் ஃபோனுக்காக ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்திருக்கிறார், கேட்டால் கிரிக்கெட் என்கிறார். உன் அறையிலிருந்த அரிசி மூட்டைகளை அவர்தான் நகர்த்தினார், அந்த ஜன்னலுக்கும் ஆசாரியைக் கூட்டி வந்து புதுக் கொக்கி போட்டாயிற்று. ஏன் என்று நான் கேட்கவில்லை.

பெங்களூரில் ராத்திரி பஸ் ஏறினால் விடிகாலையில் இங்கே இறங்கிவிடலாம். எந்த நேரமானாலும் தம்பி வண்டி எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். யாராவது கேட்டால் அம்மாவுக்கு முட்டி ரொம்ப மோசம் என்று சொல்லு, நானும் இங்கே அப்படியே சொல்லிக்கொள்கிறேன். ஃபோனில் சார்ஜ் இருக்கட்டும். துணிமணி எதுவும் எடுக்க வேண்டாம், பீரோவில் உன் பழைய நைட்டி இரண்டு இருக்கிறது. சர்டிபிகேட் ஃபைலை மட்டும் எடுத்துக்கொள்.

அம்மா