லினக்ஸில் வீடியோ தடுமாறினால் முதலில் பார்க்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தபின், கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் இயங்குதளங்களைப் போட்டுக்கொள்கிறார்கள். யூடியூபில் பாடம் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதனால் நல்ல பயன். ஆனால் வீடியோ விட்டுவிட்டு ஓடினால் குரோமிலிருந்து பிரேவ், அங்கிருந்து விவால்டி, ஓபரா என்று மாறிப் பார்க்கிறார்கள். நான்கு பிரவுசருக்கும் உள்ளே இருப்பது குரோமியம் என்ற ஒரே அடித்தளம்தான். அதனால் பெரிய வித்தியாசம் தெரியாது.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் இணையம் மெதுவு. வீடியோவுக்குக் கீழே சாம்பல் கோடு முன்னே ஓடியிருந்தும் படம் திக்கினால், சுருக்கி அனுப்பப்படும் வீடியோவை விரிக்கும் வேலை கிராபிக்ஸ் சிப்புக்குப் போகாமல் பிராசசர் தலையில் விழுகிறது. யூடியூப் வீடியோமேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்தால், விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கையும் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) பெயரும் தெரியும். பழைய கணினிகளில் பெரும்பாலும் அங்கே விபி09 (vp09) அல்லது ஏவி01 (av01), அதாவது விபி9 அல்லது ஏவி1 கோடெக், என்றிருக்கும். கோளாறு அதுதான். இன்டெல் கோர் வரிசையில் விபி9-ஐ முழுமையாக விரிக்கும் சிப் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஏவி1-க்குப் பதினொன்றாம் தலைமுறை வேண்டும். எச்.264 என்ற பழைய கோடெக்கை மட்டும் அவற்றைவிட மிகப் பழைய சிப்பும் விரித்துவிடும்.

ஆகவே டெர்மினலில், சிப் எந்தக் கோடெக்குகளை விரிக்கும் என்று பட்டியலிடும் விஏஇன்ஃபோ (vainfo) கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பட்டியலில் எச்.264 வராவிட்டால் கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் இல்லை என்று பொருள். நான்காம் தலைமுறை வரை ஐ965-விஏ-டிரைவர் (i965-va-driver), ஐந்திலிருந்து இன்டெல்-மீடியா-விஏ-டிரைவர் (intel-media-va-driver) நிறுவ வேண்டும். பிறகு ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் பாருங்கள். வீடியோவை கிராபிக்ஸ் சிப்பிலேயே விரிக்கும் வசதி, இன்டெல் கிராபிக்ஸுக்கு அதன் 2023-இல் வந்த 115-ஆம் பதிப்பிலிருந்து தானாகவே இயங்குகிறது. முகவரிப் பட்டையில் அபவுட்:சப்போர்ட் (about:support) என்று அடித்தால், மீடியா பகுதியில் எந்தக் கோடெக்கை வன்பொருள் விரிக்கிறது என்று பார்க்கலாம். கடைசியாக என்ஹான்ஸ்டு-எச்264ஐஃபை (enhanced-h264ify) என்ற பிரவுசர் நீட்சியைச் சேர்த்து விபி9, ஏவி1 இரண்டையும் தடுத்தால், யூடியூப் எச்.264-ஐ அனுப்பும். 1080-க்கு மேல் தரம் கிடைக்காது. 1366×768 திரையில் அதனால் நட்டமே இல்லை. அப்படியும் திக்கினால் 60 ஃபிரேம் ஓடும் 720-ஐ விட்டு 480-க்கு இறங்குங்கள். என்விடியா அட்டை இருந்தால் வழி வேறு; தனி டிரைவர் தேவை.

கட்டண ஓடிடி தளங்களில் மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. லினக்ஸ் பிரவுசர்களில், படத்தை நகலெடுப்பதைத் தடுக்கும் வைட்வைன் பாதுகாப்பு கீழ்நிலையிலேயே இயங்குவதால், பல தளங்கள் உயர்தரப் படத்தை அனுப்புவதில்லை. அதற்காகப் பிரவுசரை மாற்றுவது வீண்.

லினக்ஸ் போட்டுத் தரும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டிரைவரையும் சேர்த்து நிறுவி, விஏஇன்ஃபோவை வாடிக்கையாளர் கண்ணெதிரே ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டுக் கணினியைக் கொடுங்கள்.

– கணினி பழுதுபார்ப்போர் சிலர்,
காந்திபுரம், கோவை